மூத்தோனும் மேலோனும்: கிழக்காசிய மொழிகளின் விளிச்சொற்களும் 'மரியாதைச் சொல்' என்னும் வகைப்பாடும்

0. முன்னுரை

உறவுமுறைச் சொற்களை உறவினர் அல்லாதாரை விளிக்கவும் வழங்குதல் உலக மொழிகள் பலவற்றில் காணப்படும் வழக்காகும். கிழக்காசிய மொழிகளான கொரிய மொழி, ஜப்பானிய மொழி, சீன மொழி ஆகிய மூன்றிலும் இவ்வழக்கு மிகுதி. இம்மொழிகளைப் பற்றிய பயிற்று நூல்களிலும் இருமொழி அகராதிகளிலும் மூத்த சகோதரனைக் குறிக்கும் சொற்களும் பணியிடத்து மேலோரைக் குறிக்கும் சொற்களும் ஒரே தொகுதியாகக் கொள்ளப்பட்டு, 'மரியாதைச் சொற்கள்' என்ற பொதுத் தலைப்பின்கீழ் விளக்கப்படுவது வழக்கம். இவ்வகைப்பாடு எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதையும், இதனைப் பின்பற்றுவதால் மொழிபெயர்ப்பில் நேரும் இழப்பு யாது என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இவ்வாய்வுக்கு நடைமுறைத் தேவையும் உண்டு. கொரிய உறவுமுறைச் சொற்களான 'ஓப்பா', 'நூனா', 'ஒன்னி' ஆகியவற்றை ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி 2021இல் தன் பதிவுகளுள் சேர்த்துக்கொண்டது. 'ஹ்யொங்' என்ற சொல் பின்னர்ச் சேர்ந்தது. ஆங்கிலத்தால் இச்சொற்களை மொழிபெயர்க்க இயலவில்லை என்பதற்கு இது ஒரு மறைமுகச் சான்றாகும். தமிழுக்கு வரும் கிழக்காசியப் படைப்புகளுட் பல ஆங்கிலத்தின் வழியாகவே வருகின்றன. ஆங்கிலத்தில் இல்லாத, ஆனால் தமிழில் உள்ள ஒரு வேறுபாடு இடைவழியில் தொலைந்துபோகும் நிலை இதனால் உருவாகிறது.

1. கோட்பாட்டுப் பின்னணி

விளிச்சொல் ஆய்வுக்கு அடித்தளம் இட்டது பிரவுன், கில்மன் ஆகியோர் 1960இல் வெளியிட்ட கட்டுரை எனலாம். ஐரோப்பிய மொழிகளின் முன்னிலை இடப்பெயர்களைப் பெரிதும் ஆதாரமாகக் கொண்டு அவர்கள் இரு அளவுகோல்களை வகுத்தனர். ஒன்று அதிகாரம், மற்றொன்று தோழமை. ஒருவர் 'நீ' என்று சொல்ல, மற்றவர் 'நீங்கள்' என்று பதிலிறுத்தால் அங்கே அதிகாரம் செயற்படுகிறது. இருவரும் ஒரே சொல்லை வழங்கினால் தோழமை, அல்லது தோழமையின்மை, வெளிப்படுகிறது. அதாவது, சமச்சீரான வழக்கு தோழமைக்கும் சமச்சீரற்ற வழக்கு அதிகாரத்துக்கும் உரியதாகிறது.

கிழக்காசிய மூத்தோன் சொற்கள் இப்பகுப்பினுள் அடங்குவதில்லை. கொரிய இளைஞன் ஒருவன் தன்னினும் மூத்த நண்பனை 'ஹ்யொங்' என்று அழைக்கிறான். மூத்தவன் இளையவனைப் பெயர் சொல்லி அழைக்கிறான். வழக்கு சமச்சீரற்றது; எனவே பிரவுன், கில்மன் கோட்பாட்டின்படி இது அதிகார உறவாதல் வேண்டும். ஆனால் அவ்விளைஞன் 'ஹ்யொங்' என்று அழைக்கத் தொடங்குவது நெருக்கம் ஏற்பட்ட பின்னரே. நெருக்கம் இல்லாத மூத்தவரைப் பதவிப் பெயராலோ வேறு பொதுச் சொல்லாலோதான் அழைப்பான். ஆகவே ஒரே சொல் சமச்சீரின்மையையும் தோழமையையும் ஒருங்கே உணர்த்துகிறது. அண்ணன் தம்பி உறவை அறிந்த தமிழர்க்கு இதில் வியப்பில்லை. வியப்பு, இத்தகைய உறவுக்கு இடமில்லாத கோட்பாடு ஒன்று பொதுக் கோட்பாடாக நெடுங்காலம் கொள்ளப்பட்டதேயாகும்.

1980களின் இறுதியில் ஜப்பானிய மொழியியலாளர்களான மட்சுமோட்டோ (1988), இதே (1989) ஆகியோர் மரியாதை பற்றிய மேலைக் கோட்பாடுகளை மறுத்து எழுதினர். பேசுவோன் தன் நோக்கத்துக்கேற்பத் தேர்ந்தெடுக்கும் உத்தியாக மட்டும் மரியாதையைக் காண இயலாது என்பதும், சூழலில் தன் இடத்தை உணர்ந்து அதற்குரிய வடிவத்தைக் கையாளுதல் என்ற ஒன்று உண்டு என்பதும் அவர்தம் வாதத்தின் சாரம். எனினும் அவ்வாதம் பெரிதும் வினை வடிவங்களையும் தொடரமைப்பையும் சார்ந்தே அமைந்தது. உறவுமுறைச் சொல் தனியாக ஆராயப்பட வேண்டிய நிலை தொடர்கிறது.

2. கொரிய மொழி

2.1 சொற்றொகுதி

கொரிய மொழியில் மூத்த உடன்பிறப்பைக் குறிக்கும் சொல், பேசுவோரின் பாலுக்கேற்ப மாறும். ஆண் தன் அண்ணனை 'ஹ்யொங்' என்பான். பெண் 'ஓப்பா' என்பாள். ஆண் தன் அக்காளை 'நூனா' என்பான். பெண் 'ஒன்னி' என்பாள். இளையோருக்கோ ஆண் பெண் இருபாலுக்கும் பொதுவாகத் 'தோங்செங்' என்ற ஒரே சொல்தான் உண்டு. அதுவும் குறிக்கும் சொல்லாகவே பெரிதும் வழங்குகிறது. இளையோரை அழைக்கப் பெயரே போதும். மூத்தோர் பக்கம் நுண்ணிய வேறுபாடும் இளையோர் பக்கம் வேறுபாடின்மையும் இருப்பது, இத்தொகுதி யாருடைய வாயிலிருந்து நோக்கப்படுகிறது என்பதைக் காட்டும்.

இவ்வமைப்பு மாறாத ஒன்று அன்று. 'ஒன்னி' என்பது முன்னாளில் இருபாலார்க்கும் பொதுவாக வழங்கியது. 1946இல் இயற்றப்பட்ட பள்ளி நிறைவு விழாப் பாடலில் அச்சொல் மூத்த மாணவர் அனைவரையும் குறிக்கிறது. 1980களில் பல்கலைக்கழகப் பெண்கள் தம் மூத்த ஆண் மாணவர்களை 'ஓப்பா' என்னாமல் 'ஹ்யொங்' என்றே அழைத்தனர். பால் வேறுபாட்டையும் காதற் குறிப்பையும் தவிர்த்து, தோழமையை மட்டும் நிறுத்தும் முயற்சியாக இதனைக் கொள்ளலாம். திருமணமான பெண் தன் கணவனின் அக்காளையும், கணவனின் அண்ணன் மனைவியையும் 'ஹ்யொங்நிம்' என்று அழைப்பது இன்றும் முறையாகும். ஆகவே 'ஹ்யொங்' என்பதற்கு 'ஆண் ஒருவனின் அண்ணன்' என்று மட்டும் பொருள் கூறும் அகராதி, அச்சொல்லின் வழக்கில் ஒரு பகுதியையே தருகிறது.

2.2 மூன்று அடுக்குகள்

கொரிய மொழியில் மரியாதை மூன்று வெவ்வேறு அடுக்குகளில் அமைகிறது. முதலாவது, உறவுமுறைச் சொல் அல்லது பதவிப்பெயர். இரண்டாவது, அதனுடன் சேரும் 'நிம்' என்ற ஒட்டு. மூன்றாவது, வினையில் வரும் வடிவங்கள்; இவற்றுள் எழுவாயை உயர்த்தும் '-சி-' என்ற இடைநிலை வேறு, கேட்போரை நோக்கிய வினைமுற்று விகுதி வேறு.

'அண்ணன் வந்தான்' என்ற பொருளில் 'ஹ்யொங்-இ வஸ்ஸொ' எனலாம். இதில் ஒட்டும் இல்லை, இடைநிலையும் இல்லை, விகுதியும் நெருங்கியோரிடம் வழங்குவது. 'ஹ்யொங்நிம்-இ ஒஸ்யொத்ஸும்னிதா' என்பதில் மூன்றும் உள்ளன. இரண்டிலும் 'ஹ்யொங்' என்ற சொல் மாறவில்லை. எனவே அச்சொல் மூப்பைச் சுட்டுகிறதேயன்றி, இலக்கண நிலையில் மரியாதையைத் தானே உணர்த்துவதன்று. தமிழிலும் 'அண்ணன் வந்தான்', 'அண்ணன் வந்தார்' என்ற இரு தொடர்களும் உண்டு. எது வழங்கும் என்பது குடும்பத்துக்குக் குடும்பமும் வட்டாரத்துக்கு வட்டாரமும் வேறுபடும். 'அண்ணன்' என்ற சொல்லை ஒருவரும் இக்காரணம் பற்றி மரியாதைப் பன்மையாகக் கருதுவதில்லை.

மூப்பே மரியாதைக்குரியது, ஆதலின் மூப்பைச் சுட்டும் சொல் மரியாதைச் சொல்லே என்று வாதிடுவோரும் உளர். பண்பாட்டு நிலையில் இது ஏற்கத்தக்கதே. ஆனால் மொழியமைப்பு நிலையில் இரண்டையும் ஒன்றாக்கினால், 'ஹ்யொங்' என்பதற்கும் 'சஜங்நிம்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்க வழியின்றிப் போகும். பின்னது நிறுவனத் தலைவரைக் குறிக்கும் பதவிப்பெயர். அதனுடன் ஒட்டும் இணைந்தே வழங்குகிறது. முன்னதிலிருந்து பின்னதற்குச் செல்வது மரியாதை கூடுதல் அன்று, உறவு மாறுதலாகும்.

3. ஜப்பானிய மொழி

ஜப்பானிய மொழியில் அண்ணனைக் குறிக்க இரு சொற்கள் உள்ளன. வெளியாரிடம் தன் அண்ணனைப் பற்றிப் பேசுவோர் 'அனி' என்பர். அண்ணனை நேரில் அழைக்கும்போதும் பிறருடைய அண்ணனைக் குறிக்கும்போதும் 'ஒனீசான்' என்பர். முன்சேர்க்கையும் 'சான்' என்ற ஒட்டும் பின்னதில் உள்ளன. தன்னைச் சார்ந்தோரை வெளியாரிடம் உயர்த்திப் பேசலாகாது என்பதே இதன் அடிப்படை. இவ்வாறு அகம், புறம் என்ற பாகுபாடு மூப்பையும் மீறிச் செயற்படுகிறது.

பணியிடத்திலும் இதுவே நெறி. பிரிவுத் தலைவரை அலுவலகத்துள் 'புச்சோ' என்று பதவிப்பெயரால் அழைக்கும் ஊழியர், வெளியாரோடு தொலைபேசியில் பேசும்போது அதே தலைவரை ஒட்டின்றி வெறுங்குடும்பப்பெயரால் குறிப்பார். வினையையும் பணிவு வடிவில் அமைப்பார். கொரிய ஊழியரோ வெளியாரிடமும் தம் தலைவரை 'சஜங்நிம்' என்றே குறித்து, உயர்வு வினையையே வழங்குவார். ஒரே நிறுவனச் சூழல், ஒரே உறவு. இரு மொழிகளின் விதிகளோ எதிரெதிரானவை.

கொரிய மொழியிலும் ஒரு விலக்கு உண்டு. தாத்தாவிடம் தன் தந்தையைப் பற்றிப் பேசும் பேரன், தந்தைக்குரிய உயர்வு இடைநிலையை விலக்க வேண்டும் என்பது மரபு. ஆனால் இது கேட்போரின் உயர்வு பற்றியது. அகம் புறம் பற்றியது அன்று. இம்மரபைப் பணியிடத்தில் பின்பற்ற வேண்டியதில்லை என்று கொரிய தேசிய மொழி நிறுவனம் 2011இல் வெளியிட்ட மொழி நெறி நூல் தெளிவுபடுத்தியது. 2016இல் தென்கொரிய இராணுவமும் இதனைக் கைவிட்டது. இந்நிலையில், 'கிழக்காசிய மரியாதை முறை' என ஒன்றைப் பொதுவாகப் பேசுவது ஆய்வாளரையும் மொழிபெயர்ப்பாளரையும் தவறான வழியில் செலுத்தும்.

குடும்பத்துள் விளிச்சொல் செயற்படும் முறையைச் சுசுகி தகாவோ 1973இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். மூத்தோரை இடப்பெயராலோ பெயராலோ அழைத்தல் இயலாது. இளையோரை உறவுமுறைச் சொல்லால் அழைத்தல் இயலாது. மூத்தவன் இளையவனிடம் தன்னைச் சுட்ட, 'நான்' என்பதற்குப் பதிலாக 'ஒனீசான்' என்றே கூறலாம். இளையவன் மூத்தவனிடம் அவ்வாறு கூற இயலாது. மேலும், வீட்டின் கடைசிக் குழந்தையின் நிலையில் நின்று தாய் தன் மூத்த மகனை 'ஒனீசான்' என்று அழைப்பதும் உண்டு. தமிழ்த் தாயொருத்தி தன் தலைப்பிள்ளையைச் சின்னவன் முன்னிலையில் 'அண்ணா' என்பது இதனோடு ஒப்பிடத்தக்கது. இவ்விடங்களில் சொல்லின் பணி மதிப்பளித்தல் அன்று. குடும்ப வரிசையில் ஒவ்வொருவருக்கும் உரிய இடத்தை நினைவூட்டலாகும். 'இனி நீ அண்ணன்' என்னும் கடமை அதனுள் அடங்கியிருக்கிறது.

4. சீன மொழி

சீன மொழியில் அண்ணனைக் குறிக்கும் பழஞ்சொல் 'சியோங்'. இன்று பேச்சில் அதனிடத்தைக் 'கெகெ' என்ற சொல் பெற்றுள்ளது. பழஞ்சொல் எழுத்து வழக்கிலும் தொகைச் சொற்களிலும் நிலைபெற்றது. பிறப்பு வரிசையை எண்ணால் சுட்டி, முதல் அண்ணனைத் 'தாகெ' என்றும் இரண்டாம் அண்ணனை 'அர்கெ' என்றும் அழைப்பர்.

மரபான உயர்நடையில் பிறருடைய அண்ணனுக்கு 'லிங் சியோங்' என்றும், தன் அண்ணனுக்கு 'ஜியா சியோங்' என்றும், தன் தம்பிக்கு 'ஷெ தி' என்றும் வெவ்வேறு அடைகள் வரும். தன்னைச் சார்ந்தோர் இருவராயினும் மூத்தோனுக்கு ஓர் அடையும் இளையோனுக்கு வேறோர் அடையும் வருதல் கருதத்தக்கது. வெளியாரிடம் தன்னவரைத் தாழ்த்துதல் என்னும் நெறி இங்கும் உண்டு. ஆயினும் தாழ்த்தும்போதும் வரிசை குலைவதில்லை.

அகராதிப் பொருளை முற்றிலும் மீறிய வழக்குக்குச் சிறந்த சான்று லூ சுனின் கடிதங்களில் உள்ளது. 1925இல் அவர் தம் மாணவியான சூ குவாங்பிங்குக்கு எழுதிய மறுமொழிக் கடிதத்தில், பெயரை அடுத்துச் 'சியோங்' என்று சேர்த்து விளித்தார். அம்மாணவி அவரினும் பதினேழு ஆண்டு இளையவர், பெண். தமக்கு அச்சொல் எவ்வாறு பொருந்தும் என அவர் திகைத்து வினவ, பெயரை மட்டும் எழுதுவதினும் சற்று மேலான ஒரு விளியாகவே தாம் அதனைக் கையாளுவதாகவும், அண்ணன் என்ற பொருள் அதில் இல்லை என்றும் லூ சுன் விளக்கினார். இருவரின் கடிதங்களும் 1933இல் நூலாக வெளிவந்தன. கடித விளியில் 'சியோங்' வயதையும் பாலையும் இழந்து, சமமாக மதித்தல் என்ற ஒரே பொருளில் நின்றது. ஆசிரியர் மாணவியைச் சமநிலையில் வைத்தார். மாணவி அதனை உடனே உணர்ந்து வினவினார். விளிச்சொல் ஒன்றின் எடை இதனால் புலப்படும்.

பதவிப்பெயர்களைப் பொறுத்தவரை, குடும்பப்பெயரை அடுத்துப் பதவியைச் சேர்த்து அழைத்தலே இன்றைய சீன வழக்கு. கம்யூனிஸ்டுக் கட்சி தன் உறுப்பினர் பதவிப்பெயரை விடுத்துத் 'தோழர்' என்ற பொருளுடைய 'தோங்ஷி' என்றே ஒருவரையொருவர் அழைக்க வேண்டும் என 1965இல் அறிவுறுத்தியது. 2016இல் வெளியான கட்சி நெறிமுறைகளும் அதனையே மீண்டும் வலியுறுத்தின. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அதே ஆணையைத் திரும்ப வெளியிட வேண்டியிருந்தமை, படிநிலைச் சொற்களின் வலிமைக்குச் சான்றாகும்.

5. மூத்தோன், மேலோன் தொடர்பு

இதுவரை கூறியவற்றால் மூத்தோன் சொற்களும் மேலோன் சொற்களும் தொடர்பே அற்றவை என்று கொள்ளலாகாது. தொடர்பு பழமையானது. கொகுர்யோ அரசின் பதவி நிலைகளுள் 'தேஹ்யொங்', 'சோஹ்யொங்' என்பன இருந்தன. சொற்பொருளால் இவை 'பெரிய அண்ணன்', 'சிறிய அண்ணன்' ஆகும். பண்டை ஜப்பானில் மூத்த அரசிளங்குமரர்க்குரிய பட்டமான 'ஓஏ' என்பதும் 'பெரிய அண்ணன்' என்னும் சீன எழுத்துகளாலேயே எழுதப்பட்டது. ஏழாம் நூற்றாண்டின் நாகா நோ ஓஏ இளவரசர் பெயரில் அதனைக் காணலாம். இன்றும் சுமோ மற்போர்க் கூடத்தில் முன்னர்ச் சேர்ந்தவர் 'அனிதெஷி', அதாவது அண்ணன்-சீடர். சீனக் கலைமரபில் 'ஷீஷியோங்' என்பதும் இதுவே. இங்கு வயதன்று, சேர்ந்த காலமே மூப்பை முடிவு செய்கிறது.

'முன்னர் வந்தோர்' என்ற பொருளுடைய ஜப்பானியச் 'சென்பை', கொரியச் 'சொன்பே' ஆகியவை இரு தொகுதிகளுக்கும் இடைப்பட்டவை. உறவுமுறையின் நெருக்கமும் பதவியின் விலகலும் முழுமையாக இல்லாதவை. 'முன் பிறந்தோர்' என்ற பொருளுடைய மற்றொரு பொதுச்சொல் மூன்று மொழிகளிலும் மூன்று மதிப்புப் பெற்றது: ஜப்பானியச் 'சென்செய்' ஆசிரியரையும் மருத்துவரையும் குறிக்கும்; கொரியச் 'சொன்செங்நிம்' ஆசிரியரைக் குறிப்பதோடு அறிமுகமற்ற பெரியோர்க்கும் வழங்கும்; சீனச் 'சியன்ஷெங்' பெரும்பாலும் 'திரு' என்ற அளவில் நிற்கிறது. எழுத்து ஒன்றாதலால் பொருளும் ஒன்றே என்று கருதும் மொழிபெயர்ப்பாளர் இடறும் இடம் இது.

6. மொழிபெயர்ப்பில் நேரும் இழப்பு

2021இல் வெளிவந்த 'ஸ்குவிட் கேம்' என்ற கொரியத் தொடர் இச்சிக்கலுக்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அதில் பாகிஸ்தானியத் தொழிலாளியான அலி, படித்தவனான சாங்-வூவை முதலில் 'சஜங்நிம்' என்று அழைக்கிறான். கொரிய நாட்டுத் தொழிற்கூடங்களில் வெளிநாட்டுத் தொழிலாளர் முதலிற் கற்கும் சொற்களுள் ஒன்று அது. பின்னர்ச் சாங்-வூ தன்னை 'ஹ்யொங்' என்று அழைக்கச் சொல்கிறான். கோலி விளையாட்டில் அவன் அலியை வஞ்சிக்கும்போது, ஏமாந்ததை அறியாத அலி 'ஹ்யொங்' என்று கூவித் தேடுகிறான். ஆங்கிலத் துணையுரையில் இவ்விடங்களில் சாங்-வூ என்ற பெயரே நிற்கிறது.

ஆங்கிலத்தில் பெயரிட்டு அழைத்தலே நெருக்கத்தின் அடையாளம். அவ்வகையில் அம்மொழிபெயர்ப்பாளர் செய்ததைப் பிழை எனத் தள்ளிவிட இயலாது. ஆனால் கொரிய மொழியில் இளையவன் மூத்தவனைப் பெயரிட்டு அழைத்தல் நெருக்கம் அன்று, அவமதிப்பு. மூலத்தில் ஒரு முதலாளி அண்ணனாகிறான். அண்ணனே தம்பியைக் கொலைக்களத்துக்கு அனுப்புகிறான். ஆங்கிலத்தில் அறிமுகமானவன் ஒருவன் நண்பனாகி வஞ்சிக்கிறான். துரோகத்தின் தன்மையே மாறிவிடுகிறது. தமிழிலோ 'முதலாளி' என்பதிலிருந்து 'அண்ணா' என்பதற்குச் செல்வது ஒரு சொல்லில் முடிவது. ஆங்கிலப் பனுவலை மட்டும் கொண்டு தமிழாக்கம் செய்வோர்க்கு அச்சொல் தேவை என்பதே தெரிய வழியில்லை.

எனினும், தமிழில் 'அண்ணா' உண்டு என்பதால் எல்லா இடத்திலும் அது பொருந்திவிடாது. கொரியப் பெண் தன் காதலனையும் 'ஓப்பா' என்பாள். அதனை 'அண்ணா' எனப் பெயர்த்தால் காதற் காட்சி முறைகேடாகிவிடும். காரணம் உறவுமுறை அமைப்பில் உள்ளது. திராவிட முறையில் மணக்கத்தக்க உறவினர் என ஒரு வகுப்பு உண்டு. 'அத்தான்', 'மாமா', 'மச்சான்' என்பன அவ்வகுப்பிலிருந்து காதலனுக்கும் கணவனுக்கும் விரிந்தவை. கொரிய முறையில் அத்தகைய வகுப்பு இல்லை. ஒரே குலவழியைச் சேர்ந்த ஒரே குடும்பப்பெயரினர் மணத்தலைக்கூடச் சட்டம் தடுத்திருந்தது; 1997இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அத்தடையைச் செல்லாததாக்க, 2005இல் சட்டம் திருத்தப்பட்டது. மணத்துக்குரிய உறவுச்சொல் இல்லாத மொழியில், மூத்த ஆணை நெருங்கிச் சுட்டும் சொல்லாக அண்ணன் பெயரே அமைந்தது எனக் கருதலாம். ஆகவே 'ஓப்பா' உடன்பிறந்தானிடத்து 'அண்ணா'. காதலனிடத்து 'அத்தான்' அல்லது வட்டாரத்துக்கேற்ற வேறு சொல்.

ஆனால் 'அத்தான்' என்னும்போதும் ஒன்று கூடுகிறது. ஹான் காங்கின் 'த வெஜிடேரியன்' புதினத்தின் இரண்டாம் பகுதியில் அக்காள் கணவனுக்கும் கொழுந்திக்கும் இடையிலான தகா உறவு பேசப்படுகிறது. 2007இல் வெளிவந்த மூலத்தில் அவ்வுறவைக் குறிக்கும் சொற்கள் மணத்தை அடியோடு விலக்குபவை. தமிழில் அக்காள் கணவனை 'அத்தான்' என்றால், மணக்கத்தக்கவன் என்ற சாயல் தானே வந்து சேர்ந்து, மூலத்தின் மீறலைத் தணித்துவிடும். ஆங்கிலத்தில் சொல் வறுமையால் இழப்பு. தமிழில் சொல் வளத்தால் இழப்பு. 'அக்காள் கணவர்' என விளக்கமாகக் கூறுவதே இங்குப் பொருந்தும்.

7. முடிவுரை

மூத்தோன் சொற்களை 'மரியாதைச் சொற்கள்' என்ற பொதுப்பெயரால் குறித்தல் பொருத்தமற்றது. அவை உறவில் இடத்தைச் சுட்டும் சொற்கள். மரியாதை, ஒட்டாலும் வினையாலும் தனித்து அமைவது. மேலோன் சொற்கள் வரலாற்றில் மூத்தோன் சொற்களோடு தொடர்புடையனவாயினும் இன்றைய வழக்கில் வேறானவை. விதிகளும் மொழிக்கு மொழி மாறுகின்றன: ஜப்பானிய மொழியில் அகம் புறம் முதன்மை பெற, கொரிய மொழியில் வயதும் படிநிலையும் முதன்மை பெறுகின்றன, சீன மொழியில் எழுத்து நடைக்கும் பேச்சுக்கும் வெவ்வேறு நெறிகள் உள்ளன.

மொழிபெயர்ப்பாளர் விளிச்சொல் ஒவ்வொன்றிலும் மூன்றை வினவிக்கொள்ளுதல் நன்று. சொல் சுட்டும் இடம் யாது? அதனோடு சேர்ந்த ஒட்டும் வினையும் எத்தகைய மரியாதையைத் தருகின்றன? இதற்கு முன் இவர்கள் ஒருவரையொருவர் எவ்வாறு அழைத்துக்கொண்டனர்? மூன்றாவது வினா பெரும்பாலும் மறக்கப்படுகிறது. விளிச்சொல் மாறும் இடமே கதையில் உறவு மாறும் இடம். ஆங்கிலவழி பெயர்க்க நேரும்போது, இவ்விடங்களை மட்டுமேனும் மூலமொழி அறிந்தோரைக் கொண்டு சரிபார்த்தல் இயலாத செயலன்று.

தொல்காப்பியர் விளிமரபைத் தனி இயலாக்கி, முறைப்பெயர்க்கு விளியில் தனி விதி வகுத்தார். முறைப்பெயர் ஏனைப் பெயர்களினின்றும் வேறானது என்ற அவ்வுணர்வு கிழக்காசிய மொழிகளை அணுகும் தமிழ் ஆய்வாளர்க்கு உதவக்கூடியது. அண்ணன் தம்பிச் சொற்களை உடைய ஒரு மொழி, அவ்வாறே அவற்றை உடைய மற்றொரு மொழியை, அவை இல்லாத மூன்றாவது மொழியின் கண்கொண்டு மட்டும் பார்க்க வேண்டுவதில்லை.